ஐந்தாம் நாள் எக்ஸ்ரேயில் மூன்று வளையம்: ஆறு வருட வயிற்றுவலி ஒன்றின் ஆய்வு

வயிற்றுவலிக்காக என்னிடம் சிகிச்சைக்கு வந்தபோது அந்தப் பெண்ணுக்கு வயது 36. ஆம்பூருக்கும் மாதனூருக்கும் நடுவில் ஒரு கிராமம். ஷூ கம்பெனியில் அப்பர், அதாவது ஷூவின் மேல்பாகம் தைக்கும் பிரிவில் பதினோரு வருட வேலை. கணவர் லாரிக்கு லோடு ஏற்றுகிறவர், இரண்டு பிள்ளைகள். அவருடைய சம்மதத்தோடுதான் இதை எழுதுகிறேன். ஆளைக் காட்டிக்கொடுக்கக்கூடிய சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

கையில் ஒரு மஞ்சள் பை. அதற்குள் ஆறு வருடத்து ரிப்போர்ட்டுகள்: எண்டோஸ்கோபி மூன்று, கொலோனோஸ்கோபி ஒன்று, சி.டி. ஸ்கேன் ஒன்று. வயிற்று ஸ்கேன் எத்தனை தடவை எடுத்தார் என்பது அவருக்கே நினைவில்லை. மேஜைமேல் எல்லாவற்றையும் பரப்பிப் படித்தேன். ஒவ்வொன்றின் கடைசி வரியும் 'நார்மல்' என்றே முடிந்தது.

"வவுறு வலிச்சிகினே கீது மேடம். எங்க போனாலும் ஒண்ணும் இல்லன்றாங்க. ஒண்ணும் இல்லன்னா அப்புறம் ஏன் மேடம் வலிக்குது?"

அன்றைக்கு என்னிடம் பதில் இல்லை. மூன்று வாரம் கழித்துத்தான் சொல்ல முடிந்தது.

வலியின் கதை

ஆறு வருடத்துக்கு முன் ஒரு வைகாசி வெயிலில் உறவுக்காரர் வீட்டு விசேஷம். அங்கே சாப்பிட்டவர்களில் பலருக்கு மறுநாளே காய்ச்சலும் வயிற்றுப்போக்கும். மற்றவர்கள் இரண்டு மூன்று நாளில் எழுந்துவிட்டார்கள். இவருக்கு எட்டு நாள் ஆனது, நடுவில் ஒரு நாள் குளுக்கோஸ் ஏற்றினார்கள். போக்கு நின்றது. வலி மட்டும் நிற்கவில்லை.

சாப்பிட்டு அரை மணி நேரத்தில் தொப்புளைச் சுற்றி முறுக்கும், பிறகு இடது அடிவயிற்றில் வந்து நிற்கும். மலம் கழித்தால் கொஞ்சம் அடங்கும். வாரத்தில் ஐந்து நாளாவது வலி. இரண்டு மூன்று நாள் போகாமல் இருப்பது, அப்புறம் ஒரே நாளில் நாலைந்து தடவை தண்ணீராய்ப் போவது என்று மாறி மாறி வந்தது.

இதற்கு அவர் பார்க்காத வைத்தியம் இல்லை. குடல் ஏறிவிட்டது என்று விளக்கெண்ணெய் தடவி இழுத்துவிட்டார்கள். யாரோ சோற்றில் மருந்து வைத்துவிட்டார்கள் என்று மாமியாருக்குச் சந்தேகம். மருந்து எடுப்பவரிடம் கூட்டிப்போய் வாந்தி எடுக்கவைத்தார்கள். ஒரு மருத்துவமனையில் குடல்வால் என்றார்கள், அறுவைசிகிச்சை செய்து அதை எடுத்தார்கள். தையல் ஆறுவதற்குள் அதே வலி அதே இடத்தில் திரும்பிவிட்டது. குடல்வாலின் திசு ரிப்போர்ட்டும் அந்தப் பைக்குள்தான் இருந்தது, அழற்சி இல்லை என்று. அதை அவருக்கு யாரும் படித்துக் காட்டவில்லை.

கடைசியாகப் பார்த்த மருத்துவர், "மனசை ரிலாக்ஸா வெச்சிக்கம்மா" என்று அனுப்பியிருக்கிறார். இதைச் சொல்லும்போதுதான் அவர் அழுதார். வலியைப் பற்றி ஒரு மணி நேரம் பேசியபோதெல்லாம் அழவில்லை.

இன்னொன்றையும் குறித்துக்கொண்டேன். கம்பெனி பஸ் காலை ஆறே முக்காலுக்கு. வழியில் வலி வந்துவிடுமோ என்ற பயத்தில் காலையில் எதுவும் சாப்பிட மாட்டார். தையல் லைனில் ஒருவர் எழுந்தால் பீஸ் தேங்கும் என்பதால் கழிப்பறைக்குப் போவதென்றால் சூப்பர்வைசரிடம் கேட்க வேண்டும். கேட்க வெட்கப்பட்டு அடக்கிக்கொள்வார். மதியம் பன்னிரண்டரைக்குப் பசியில் வேகவேகமாகச் சாப்பிடுவார், ஒரு மணிக்கு வலி. எடை இரண்டு வருடத்தில் 51 கிலோவிலிருந்து 47க்கு வந்திருந்தது.

எதையெல்லாம் விலக்க வேண்டியிருந்தது

எடைக் குறைவை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. நம் ஊரில் இந்த வயதில் இப்படி வலி என்றால் முதலில் குடல் காசநோயை நினைக்க வேண்டும். அது சிறுகுடலும் பெருங்குடலும் சேரும் இடத்தில் உட்கார்ந்து, மாதக்கணக்கில் வலியாக மட்டுமே முகம் காட்டும். சி.டி. படத்தை வாங்கி அந்த இடத்தை மறுபடி பார்த்தேன், கொலோனோஸ்கோபி ரிப்போர்ட்டில் சிறுகுடலின் கடைசிப் பகுதிவரை பார்த்திருக்கிறார்களா என்றும் சரிபார்த்தேன். பார்த்திருந்தார்கள், திசுவும் எடுத்திருந்தார்கள். ரத்தப்போக்கு இல்லை, இரவில் வலி எழுப்புவதில்லை, காய்ச்சல் இல்லை. தைராய்டு, ரத்தத்தில் அழற்சியைக் காட்டும் சி.ஆர்.பி., கோதுமையில் உள்ள குளூட்டனால் வரும் சீலியாக் நோய்க்கான பரிசோதனை எல்லாம் சரி. மலத்தில் குடல் அழற்சியைக் காட்டும் புரதமான கால்புரோடெக்டின் 28 வந்தது. 50க்குக் கீழே இருந்தால் குடலில் அழற்சி இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. மாதவிலக்கோடு வலி கூடுகிறதா என்று கேட்டு, கர்ப்பப்பை மருத்துவரிடமும் ஒரு கருத்து வாங்கினேன். எடை குறைந்ததற்குக் காரணம் சாப்பாட்டைக் குறைத்ததுதான் என்று உறுதியான பிறகே அடுத்த படிக்குப் போனேன்.

நோயின் பெயர் அப்போதே தெரிந்துவிட்டது: எரிச்சல் குடல் நோய், எல்லோரும் சொல்லும் ஐ.பி.எஸ். இத்தகைய குடல் கோளாறுகளுக்காக நிபுணர்கள் வகுத்து 2016இல் வந்த நான்காம் ரோம் வரையறைப்படி, கடைசி மூன்று மாதத்தில் சராசரியாக வாரத்துக்கு ஒரு நாளாவது வலி இருக்க வேண்டும். மலம் கழிப்பதோடு உள்ள தொடர்பு, எத்தனை தடவை போகிறது என்பதில் மாற்றம், மலத்தின் தன்மையில் மாற்றம் என்ற மூன்றில் குறைந்தது இரண்டு சேர வேண்டும். எல்லாம் ஆரம்பித்து ஆறு மாதமாவது ஆகியிருக்க வேண்டும். இவருக்கு எல்லாமே பொருந்தியது. ஆனால் பெயர் சொல்லிவிட்டால் "ஏன் வலிக்குது" என்பதற்குப் பதில் சொன்னதாகாது.

இயக்கமா, உணர்வா

பையில் இருந்த மருந்துச் சீட்டுகளை வரிசைப்படுத்தியபோது ஒன்று புரிந்தது. போக்கு என்றால் நிறுத்த மாத்திரை, மலச்சிக்கல் என்றால் பேதி மருந்து, முறுக்கு என்றால் இழுப்பை விடுவிக்கும் மாத்திரை. ஆறு வருடமும் எல்லோரும் குடலின் இயக்கத்தையே துரத்தியிருக்கிறார்கள். நிறுத்தும் மாத்திரையால் கட்டிக்கொள்ளும், அதற்குப் பேதி மருந்து, அதனால் போக்கு. மாறி மாறி வந்த அந்த ஊசலாட்டத்தில் பாதி நாம் உண்டாக்கியது.

எல்லா மாத்திரையையும் நிறுத்தி, இரண்டு வாரம் ஒரு நோட்டில் எழுதிவரச் சொன்னேன். மலத்தின் ஏழு வகைகளைப் படம் போட்டுக் காட்டும் பிரிஸ்டல் அட்டையின் நகல் ஒன்றையும் கொடுத்தனுப்பினேன். மகளுடைய பழைய கணக்கு நோட்டின் பின்பக்கத்தில், ஸ்கேலால் கட்டம் போட்டு எழுதிக்கொண்டு வந்தார். 14 நாளில் 9 நாள் மூன்றாம் அல்லது நான்காம் வகை. அதாவது ஆரோக்கியமான மலம். அந்த 9 நாளில் 7 நாள் வலி இருந்தது.

அந்தப் பக்கத்தை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். மலம் சரியாக இருந்த நாளிலும் வலி இருக்கிறதென்றால், பிரச்சினை ஓட்டத்தில் இருக்க முடியாது.

இதை உறுதிப்படுத்த இரண்டு சோதனைகள் செய்தோம். முதலாவது எளிமையானது. எக்ஸ்ரேயில் தெரியும் 24 குட்டி வளையங்கள் அடங்கிய கேப்சூலை விழுங்கவைத்து, ஐந்தாம் நாள் ஒரு படம். ஐந்துக்கு மேல் வளையங்கள் தங்கியிருந்தால் குடல் மந்தம் என்று கொள்வோம். இவருக்கு மூன்றே இருந்தன. அந்த ஐந்து நாளில் இரண்டு நாள்தான் மலம் கழித்திருந்தார், "அடைச்சிகினு கீது" என்றுகூடச் சொன்னார். குடலோ தன் வேலையைச் சரியாகத்தான் செய்துகொண்டிருந்தது.

இரண்டாவது, மலக்குடலின் அழுத்தத்தையும் உணர்வையும் அளக்கும் சோதனை. கதவைச் சாத்தி, ஒரு நர்ஸ் மட்டும் கூட இருந்தார். இடப்பக்கம் ஒருக்களித்து, முழங்காலை மடக்கிப் படுத்தார். மெல்லிய குழாயின் நுனியில் பலூன். வெளியே சிரிஞ்சு வழியாகப் பத்துப் பத்து மில்லிலிட்டராகக் காற்று. பத்திலேயே "ஏதோ இருக்கு" என்றார். முப்பதில் "போகணும் போல இருக்கு". அறுபதில் கட்டில் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டு, "போதும் மேடம், இதான் மேடம் அந்த வலி" என்றார். பொதுவாக நூறு மில்லிலிட்டர் தாண்டியும் பெரும்பாலோர் முக்கவேண்டும் போலிருக்கிறது என்பார்களே தவிர வலி என்று சொல்ல மாட்டார்கள். தசைகளின் அழுத்தமோ சரியாக இருந்தது. 50 மில்லி நீர் நிரப்பிய பலூனை இருபது நொடியில் வெளியே தள்ளிவிட்டார். அடக்கி அடக்கி அடித்தசை இறுகிப்போயிருக்குமோ என்று எனக்கிருந்த சந்தேகமும் தீர்ந்தது.

இந்தச் சோதனையில் ஒரு பலவீனம் உண்டு. அடுத்து இன்னும் பெரிதாகும் என்று தெரிந்தால் பயந்தவர்கள் முன்கூட்டியே வலி என்று சொல்லிவிடலாம். அதனால் சிறிது ஓய்வு கொடுத்து, வரிசையைக் கலைத்து மறுபடி செய்தேன்: இருபது, ஐம்பது, பத்து, நடுவில் ஒருமுறை சிரிஞ்சை நகர்த்துவதுபோல் சத்தம் மட்டும், பிறகு அறுபது. வெறும் சத்தத்துக்கு அவர் எதுவும் சொல்லவில்லை. அறுபதுக்குக் கம்பியைப் பிடித்தார்.

இதற்குப் பின்னால் இருக்கும் ஆராய்ச்சி

குடலுக்குத் தனக்கென்று ஒரு நரம்பு அமைப்பு இருக்கிறது. அதன் சுவருக்குள்ளேயே பத்துக் கோடிக்கும் மேற்பட்ட நரம்பணுக்கள். 1899இல் லண்டனில் பேலிஸ், ஸ்டார்லிங் இருவரும், வெளியிலிருந்து வரும் நரம்புகளை வெட்டிவிட்ட பிறகும் உணவுக்கு மேலே குடல் சுருங்கி, கீழே தளர்ந்து, முன்னே தள்ளுவதைக் காட்டினார்கள். வெறும் வயிற்றில் 90 முதல் 120 நிமிடத்துக்கு ஒருமுறை ஒரு சுருக்க அலை வயிற்றிலிருந்து சிறுகுடலின் கடைசிவரை பெருக்கிக்கொண்டு போகும். பெருங்குடலில் பெரிய தள்ளு அலைகள் நாளுக்குச் சில தடவைதான்; காலையில் எழுந்தவுடனும் சாப்பிட்ட பிறகும் அதிகம். சாப்பிட்டதும் மலம் வருவதுபோல் தோன்றுவது இதனால்தான். குழந்தைகளிடம் இதைக் கண்ணாலேயே பார்க்கலாம்.

இயக்கத்தை அளப்பது முதலில் கைவந்ததால், நோயையும் இயக்கத்தின் கோளாறு என்றே வெகுகாலம் நினைத்தார்கள். 'இழுப்புக் குடல்' என்று பொருள்படும் பெயரையே வைத்திருந்தார்கள். 1973இல் இங்கிலாந்தில் ரிட்சி என்ற மருத்துவர் பெருங்குடலின் அடிப்பகுதியில் பலூன் வைத்து ஊதிப் பார்த்தார். 60 மில்லிலிட்டரில் மற்றவர்களில் நூற்றுக்கு ஆறு பேருக்குத்தான் வலித்தது. எரிச்சல் குடல் நோயாளிகளில் பாதிக்கு மேற்பட்டோருக்கு வலித்தது. எங்கள் சோதனையில் இவர் கம்பியைப் பிடித்ததும் அதே 60இல். பலூனும் இடமும் வேறு என்பதால் இரண்டையும் நேராக ஒப்பிடக் கூடாது. ஆனாலும் அந்த எண்ணை நோட்டில் எழுதியபோது எனக்கு ரிட்சிதான் நினைவுக்கு வந்தார். 1980களில் அழுத்தத்தைத் துல்லியமாகப் பிடித்துவைக்கும் பரோஸ்டாட் கருவி வந்தது. அதன் பிறகு உள்ளுறுப்பு மிகையுணர்வு, அதாவது சாதாரண அழுத்தத்தையே குடல் வலியாக உணர்வது, அளந்து காட்டக்கூடிய விஷயமாகிவிட்டது. எல்லா நோயாளிகளுக்கும் அது இருப்பதில்லை. இருப்பவர்களுக்கு அது மருந்தின் தேர்வையே மாற்றிவிடுகிறது.

தொற்று போன பிறகும் உணர்வு ஏன் அடங்குவதில்லை? இதற்கு எனக்குப் பிடித்த விளக்கம் பெல்ஜியத்தின் லூவன் பல்கலைக்கழகத்திலிருந்து 2021இல் வந்தது. குடல் தொற்றின்போது எலிகளுக்கு முட்டைப் புரதம் ஒன்றைக் கொடுத்தார்கள். தொற்று முழுக்க ஆறிய பிறகு அதே புரதத்தை மறுபடி கொடுத்தபோது குடலுக்கு வலி உண்டாயிற்று. தொற்று நேரத்தில் குடல் அந்த உணவையும் எதிரியாகக் குறித்துவைத்துக்கொண்டது. குடல்சுவரில் மட்டும் எதிர்ப்புப் பொருள் உருவாகி, ஒவ்வாமையில் பங்குபெறும் மாஸ்ட் செல்கள் ஹிஸ்டமின் என்ற வேதிப்பொருளைக் கொட்டி, நரம்பு முனைகளைக் கூராக்கிவிட்டன. ரத்தத்தில் ஒவ்வாமை எதுவும் தெரியவில்லை. அதே குழு கோதுமை, பால், சோயா போன்றவற்றின் சாற்றை 12 நோயாளிகளின் மலக்குடல் சவ்வில் ஊசியால் செலுத்தியது. பன்னிரண்டு பேருக்கும் ஏதாவது ஒன்றுக்கு வீக்கம் வந்தது. ஆரோக்கியமான எட்டுப் பேரில் இருவருக்குத்தான் வந்தது. இன்னும் பெரிய அளவில் உறுதிப்பட வேண்டிய வேலைதான். ஆனால் ஒரு விசேஷ வீட்டுச் சாப்பாட்டில் ஆரம்பித்த இவரது கதையோடு வைத்துப் பார்த்தால் மனதைத் தொடுகிறது.

அந்த ஆராய்ச்சியில் கூர்மையான ஏற்பியின், அதாவது நரம்பு முனையில் உணர்வை வாங்கும் புரதத்தின், பெயர் டி.ஆர்.பி.வி.1. மிளகாயின் எரிச்சலை நமக்குச் சொல்வதும் அதுதான். அதை 1997இல் கண்டுபிடித்த டேவிட் ஜூலியஸ் 2021இல் நோபல் பரிசு பெற்றார். அவரோடு பரிசைப் பகிர்ந்த ஆர்டெம் படபூட்டியானின் குழு, அழுத்தத்தை உணரும் பியசோ2 என்ற ஏற்பி குடலில் உணவு எவ்வளவு வேகமாக நகர்கிறது என்பதையும் கட்டுப்படுத்துகிறது என்று 2023இல் காட்டியது. உணர்வும் இயக்கமும் முற்றிலும் தனித்தனி அல்ல என்பதற்கு இது சாட்சி. இருந்தாலும் எது முதலில் கெட்டது என்று ஒவ்வொரு நோயாளியிடமும் கேட்க வேண்டியிருக்கிறது.

நரம்பு கொண்டுவரும் செய்தி முதுகுத்தண்டில் கூட்டப்படலாம், குறைக்கப்படலாம். மூளைத்தண்டிலிருந்து இறங்கும் நரம்புகள்தான் சாதாரணமாகக் குறைத்துவைப்பவை. தூக்கம் கெட்டால், பயம் தொடர்ந்தால் அந்தப் பிடி தளரும். இவருக்கு நோய் வந்த வருடத்தில்தான் மகளிர் குழுக் கடனை அடைக்க முடியாமல் ஒரு சங்கடம் நடந்திருக்கிறது. அதுதான் காரணம் என்று நான் சொல்லவில்லை. ஆறிப்போயிருக்க வேண்டிய ஒன்று ஆறாமல் போனதில் அதற்கும் பங்கு இருந்திருக்கும்.

தொற்றுக்குப் பிந்தைய குடல் கோளாறு என்பது இந்த மண்ணுக்குப் புதிதும் அல்ல. 1960களின் தொடக்கத்தில் பழைய வடஆற்காடு மாவட்டக் கிராமங்களில் வெப்பமண்டல ஸ்ப்ரூ கொள்ளைநோயாகப் பரவியது. வயிற்றுப்போக்கில் ஆரம்பித்து, சத்து உறிஞ்சாமல் மாதக்கணக்கில் நீண்டது. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் பேக்கர், மாத்தன் குழுவினர் அதைக் கிராமம் கிராமமாக ஆராய்ந்தார்கள். நோயே இல்லாத கிராமத்தாரின் சிறுகுடல் சவ்விலும் மாற்றங்கள் இருப்பதைக் கண்டார்கள். ஸ்ப்ரூ வேறு, இவருடைய நோய் வேறு. ஆனால் ஒரு தொற்று முடிந்த பிறகும் குடல் பழைய நிலைக்குத் திரும்பாமல் போகலாம் என்பதை இந்த ஊர் அறுபது வருடமாக அறிந்திருக்கிறது.

சொன்னதும் செய்ததும்

எக்ஸ்ரேயை வெளிச்சப் பெட்டியில் மாட்டி மூன்று வளையங்களைக் காட்டினேன். "உங்க குடல் நல்லா ஓடுதும்மா. ஓடுறது உங்களுக்குத் தெரியக் கூடாது, தெரியுது. திருவிழா மைக் செட்ல சவுண்டு ஏத்திட்டா மெதுவாப் பேசினாலும் காது கிழியும் இல்ல, அந்த மாதிரி. பேசுறவர் மேல தப்பு இல்ல." அவர் கொஞ்ச நேரம் படத்தையே பார்த்துவிட்டு, "அப்ப நான் பொய் சொல்லலதானே மேடம்?" என்று கேட்டார். இல்லை என்றேன். மாமியாரையும் உள்ளே கூப்பிட்டு அதையே திரும்பச் சொன்னேன்.

இரவில் அமிட்ரிப்டிலின் 10 மி.கி. கொடுத்தேன். இது மனச்சோர்வுக்குப் பல மடங்கு அதிக அளவில் தரப்பட்ட பழைய மருந்து. இந்தச் சிறு அளவில் வலி நரம்புகளை அடக்கவே பயன்படுகிறது. 2023இல் லேன்செட் இதழில் வந்த பிரிட்டன் ஆய்வில், 463 பேரில் பாதிப் பேருக்கு இதை 10 முதல் 30 மி.கி. வரையும் மற்றவர்களுக்கு வெற்று மாத்திரையும் கொடுத்துப் பார்த்ததில் ஆறு மாத முடிவில் வெற்று மாத்திரையைவிடத் தெளிவான பலன் தெரிந்தது.

இங்கே என்மேல் ஒரு தவறு. மருந்து எதற்கென்று சொன்னேன், ஆனால் அதன் பழைய வேலையைப் பற்றி முன்னெச்சரிக்கை செய்யவில்லை. மருந்துக் கடையில் யாரோ "இது மென்டல் மாத்திரை" என்று சொல்ல, இவர் தொடவே இல்லை. மூன்று வாரம் கழித்து வந்தபோது வலி அப்படியே. பார்வை மட்டும் மாறியிருந்தது. நானும் மற்றவர்களைப் போலத்தான் என்று நினைத்துவிட்டார். மறுபடி ஆரம்பத்திலிருந்து பேசினேன். இப்போதெல்லாம் சீட்டிலேயே தமிழில் எழுதிவிடுகிறேன்: வயிற்று நரம்பு வலிக்கு, குறைந்த அளவில்.

சாப்பாட்டில் நான்கு வாரத்துக்கு மட்டும் வெங்காயம், பூண்டு, சாயங்காலக் கோதுமைப் பண்டங்கள், அதிகப் பருப்பு ஆகியவற்றைக் குறைக்கச் சொன்னேன். இவற்றில் உள்ள சில மாவுச்சத்துகள் சிறுகுடலில் உறிஞ்சப்படாமல் பெருங்குடலில் நொதித்து வாயுவாகிச் சுவரை இழுக்கும். மற்றவர்களுக்குத் தெரியாத அந்த இழுப்பு இவருக்கு வலி. பூண்டு வாசனை இல்லாமல் குழம்பா என்று மலைத்தார். அந்தச் சத்து எண்ணெயில் கரையாது, அதனால் பூண்டை நல்லெண்ணெயில் வதக்கிவிட்டுப் பல்லை எடுத்துப் போட்டுவிடலாம் என்று சொன்னதும் முகம் தெளிந்தது. பிறகு ஒவ்வொன்றாகத் திரும்பச் சேர்த்தோம். பருப்பு ஒத்துக்கொண்டது, சின்ன வெங்காயம் நாலைந்து வரை ஒத்துக்கொண்டது, பச்சை வெங்காயம் ஒத்துக்கொள்ளவில்லை. கம்பெனியில் சனிக்கிழமை பிரியாணி: காரமும் கொழுப்பும் பூண்டும் ஒன்றாகச் சேருவதால் அதை அரைத்தட்டாக்கினார். விட்டுவிடச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

காலையில் வெறும் வயிற்றோடு பஸ் ஏறுவதை நிறுத்தினோம். ஐந்தரைக்கு இரண்டு இட்லி, வெந்நீர், அதன் பிறகு கழிப்பறையில் அவசரமில்லாமல் பத்து நிமிடம். சாப்பாடு தூண்டும் தள்ளு அலையை, வீட்டில் இருக்கும் நேரத்துக்குக் கொண்டுவருவதற்காக. நார்ச்சத்துக்கு இசப்கோல் ஒரு ஸ்பூனில் ஆரம்பம். இரவு படுக்குமுன் வயிறு எழுந்து தணிய மெல்ல மூச்சு விடும் பயிற்சி. வயிற்றை மையமாக வைத்துச் செய்யும் ஹிப்னோசிஸ் சிகிச்சைக்கு 1984 முதல் ஆதாரம் இருக்கிறது. தமிழில் அதைச் செய்யப் பயிற்சி பெற்றவர் யாரும் எனக்கு அருகில் கிடைக்கவில்லை.

கம்பெனிக்கு ஒரு கடிதமும் எழுதினேன். மருத்துவக் காரணத்தால் இவர் கேட்காமலே கழிப்பறைக்குப் போக அனுமதிக்க வேண்டும் என்று. நான் கொடுத்த மருந்துகளைவிட அது அதிகம் உதவியதோ என்று சில சமயம் தோன்றுகிறது.

அதன் பிறகு

இரண்டாம் மாதம் மருந்தை 20 மி.கி. ஆக்கினேன். வாய் உலர்ந்தது, காலையில் கொஞ்சம் மந்தம். மாத்திரையை இரவு எட்டு மணிக்கு மாற்றியதும் சரியாயிற்று. நோயின் கடுமையை 500க்கு அளக்கும் கேள்விப் பட்டியலில் முதல் நாள் 340, ஆறாம் மாதம் 155. வலி வாரத்துக்கு ஒன்றிரண்டு நாளாகச் சுருங்கியது. எடை 50 கிலோ. பலூன் சோதனையை மறுபடி செய்யவில்லை. அவர் நன்றாக இருக்கும்போது என் ஆர்வத்துக்காக அவரை அந்தக் கட்டிலில் படுக்கவைக்க நியாயமில்லை.

ஒன்பதாம் மாதம் மருந்தை 10க்குக் குறைத்தோம். ஏற்றுமதி ஆர்டர் நெருக்கடியில் இரவு ஷிப்டும் சேர்ந்த வாரத்தில் வலி திரும்பியது. 20க்கே போய்விட்டோம். இந்த முறை அவர் பையைத் தூக்கிக்கொண்டு வேறெங்கும் ஓடவில்லை, ஸ்கேன் எடுக்கவும் கேட்கவில்லை. "சவுண்டு ஏறிடுச்சு மேடம்" என்று போனில் சொன்னார். அந்த வாரமே வந்து, லைன் மாறியதால் புதிய சூப்பர்வைசர் பெயருக்கு இன்னொரு கடிதம் வாங்கிக்கொண்டு போனார்.